உப்பளத்துக் கக்கூஸும் கொள்ளையர் அறையும்

நான் எடுத்த படத்தை ஜனங்கள் கூட்டமாக நின்று பார்க்க வேண்டும் என்று பல வருஷமாக ஆசைப்பட்டேன். ஆசை நிறைவேறியது. கூட்டம் கூடியது, பார்த்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

திருவொற்றியூரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் சைஸ், எல்லாம் உண்டு. இந்த வட்டாரத்தில் பாதி வீட்டு ஆல்பம் என் கையால் ஆனது. ஆனால் ஒரு ஆல்பத்தைப் புரட்டி, இதை எடுத்தது யார் என்று கேட்டவர் ஒருத்தர் கிடையாது. மாப்பிள்ளை நல்லா இருக்கார், பொண்ணு நல்லா இருக்கா, அவ்வளவுதான். எனக்கு அது உள்ளுக்குள் எரிந்துகொண்டே இருந்தது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, எங்கள் தொழிலுக்கு அந்த இரண்டு மாசமும் லீவு. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாசம் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடலோரமாகக் கிளம்பினேன். கடற்கொள்ளையர் பதுங்கிய இடங்களைப் படம் எடுப்பது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

சிரிக்காதீர்கள். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பல்கள் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கு படகில்தான் இறங்கும். அந்தப் படகுகளை மடக்கி, சரக்கோடு முகத்துவாரத்துக்குள் புகுந்து மறைந்துபோகிற கூட்டம் இருந்தது என்று எண்ணூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த இடங்களைத் தேடினேன். காட்டுப்பள்ளி சவுக்குத் தோப்புக்குள் இடிந்த கிணறு, பழவேற்காட்டுப் பக்கம் மண்ணில் பாதி புதைந்த வாசல் என்று நாலு வருஷத்தில் பதினோரு படம் தேறியது. ராயபுரத்தில் ஒரு நூலகத்தின் மாடிக் கூடத்தில் அவற்றை வைக்க ஒரு புகைப்படச் சங்கம் இடம் கொடுத்தது. இங்கே நன்றாகப் போனால் அடுத்த மாசம் நகரத்துக்குள் பெரிய கூடத்துக்குப் போகும், என் பெயர் போட்டு.

பதினொன்றில் பெரியது நடுச்சுவரில் தொங்கியது. கூரை போன ஒரு சின்னச் செங்கல் அறை, தரையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கல், சாய்வாக விழும் வெயில். எண்ணூர் ஆற்றோரத்தில் எடுத்தது. கீழே நானே எழுதியிருந்தேன்: ‘கொள்ளையரின் காவல்காரன் கால் பதித்து நின்ற கற்கள்.’

முதல் நாள் சாயங்காலம் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் அந்தப் படத்தின் முன்னால் வந்து நின்றார். மூக்குக் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

"யம்மா, இது யாரு எடுத்தது?"

"நான்தாங்க ஐயா." குரலில் எனக்கு அத்தனை பெருமை.

"இது எங்க உப்பளத்து கக்கூஸாச்சே!"

"இல்லீங்க ஐயா, இது கொள்ளைக்காரங்க…"

"இன்னா இல்லீங்க? நாப்பது வருசம் உப்பு வாரினவன் நான். டெய்லி குந்தின எடம் எனக்குத் தெரியாதா? தோ, ரெண்டு கல்லு கீது பாரு. இதும் மேல ஒரு காலு, அதும் மேல ஒரு காலு." சொன்னதோடு விட்டாரா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாதி குந்தியே காட்டினார்.

கூடம் அதிர்ந்தது. காவலாளி முதற்கொண்டு சிரித்தான். எனக்குக் காது ரெண்டும் பழுத்துவிட்டது. பூமி பிளக்காதா என்பார்களே, அதை அன்றைக்குத்தான் மனதார நினைத்தேன்.

சங்கத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர், மரியாதையானவர். என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். "மேடம், ஒன்று தப்பு என்றால் மற்றப் பத்தும் எப்படி என்றுதானே கேட்பார்கள்? அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சந்தேகமே இல்லாத ஒன்றைக் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் மொத்தத்தையும் இறக்க வேண்டியிருக்கும். நகரத்துக் கூடமும் கிடையாது." என் நாலு வருஷத்துக்கு அவர் கொடுத்தது எட்டு நாள்.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சாத்தாங்காட்டு மார்க்கெட்டில் கம்பி வியாபாரம் செய்கிறவர். கை கழுவிக்கொண்டே, "ஏம்மா, அடுத்தது எந்தக் கக்கூஸ்?" என்று கேட்டார். வஞ்சிரக் குழம்பை மூடி வைத்துவிட்டு அவருக்கு ரசத்தை ஊற்றினேன். மறுநாள் ஸ்டூடியோவுக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்த விம்கோ நகர்ப் பையன் ஒருத்தன், ஸ்டூலைக் காட்டி, "ஆண்ட்டி, இதுல உக்காரணுமா, குந்தணுமா?" என்றான். அவனை ஆறு தடவை கண் மூடிய மாதிரியே எடுத்து அனுப்பினேன். மனசு ஆறவில்லை. இதை இப்படியே விட்டால் சாகிற வரைக்கும் நான் கக்கூஸ் ஸ்டூடியோதான் என்பது தெளிவாகத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை நேராக எண்ணூர் போனேன். அந்த அறையைக் காட்டியவன் ஒரு படகுக்காரன். ஆற்றங்கரையில் வலையைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"யோவ்! கொள்ளைக்காரன் எடம்னு சொல்லி கக்கூஸைக் காட்டி வுட்டியே, நீ நல்லா இருப்பியா?"

அவன் நிமிரக்கூட இல்லை. "நீ இன்னாக்கா கேட்ட? இங்க பழைய கட்டடம் எங்க கீதுன்னு கேட்ட. பழைய கட்டடம் காட்டுனேன். கக்கூஸு பழசு இல்லியா?"

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது நிஜம். நான் கேட்டது அதைத்தான். மற்றதெல்லாம் நானே கட்டிய கதை. ஆனால் அதை அவனிடம் ஒப்புக்கொள்ளும் நிலைமையில் நான் இல்லை. கத்தினேன். நாலு வருஷ உழைப்பு, எட்டு நாள் கெடு, என் மானம் மரியாதை எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அவன் மனைவி வாசலில் உட்கார்ந்து இறாலைப் பெரிசு, சிறிசு என்று பிரித்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். அவள் ஆற்றில் கையால் இறால் தடவுகிறவள். அந்தப் பக்கத்தில் அது ஒரு தொழில். கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடி நகர்ந்து, சேற்றை இரண்டு கையாலும் தடவி, அகப்படுகிற இறாலைப் பறி என்கிற ஓலைக்கூடையில் போடுவார்கள். கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள்.

"வாய மூடுக்கா கொஞ்சம்," என்றாள் அவள். "கள்ளன் ரூமு உள்ளதுதான். இவனுக்குத் தெரியாது. ஆம்பளைங்க யாருக்கும் அவ்வளவா தெரியாது. நாங்க தடவுற எடம் அது."

ஆற்றின் ஒரு வளைவில், கண்டல் என்கிற அலையாத்தி மரங்களுக்குப் பின்னால், தண்ணீருக்கு அடியில் செங்கல் படி இருக்கிறதாம். படி ஏறினால் ஒரு அறை. அந்தச் செங்கல் சந்துகளில் இறால் அடைந்து கிடக்குமாம். கடலும் ஆறும் கைவிட்ட நாளில்கூட அங்கே பறி நிறையும். அதனால்தான் அந்தக் குப்பத்துப் பெண்கள் அதைப் பற்றி வெளியே மூச்சு விடுவதில்லை. தெரிந்தால் வேறு ஊர்ப் படகுகள் வந்து வலை போட்டு ஒரே வாரத்தில் வழித்துவிடும். கொள்ளைக்காரன் ஒளித்து வைத்ததை இத்தனை காலமும் இவர்கள் ஒளித்து வைத்திருந்தார்கள், இறாலுக்காக.

கேட்டதும் எனக்குப் படபடவென்று வந்துவிட்டது. "கூட்டிகினு போ," என்றேன்.

அவள் மட்டும் முடிவெடுக்க முடியாது. அங்கே தடவுகிற இன்னும் நாலு பெண்களைக் கூப்பிட்டாள். ஐந்து பேரும் குழாயடியில் நின்று பேசினார்கள். நான் தள்ளி நின்று நகத்தைக் கடித்தேன். கடைசியில் அவள் வந்து சொன்னாள்: "படகு கூடாது. படகு நின்னா எவனாவது பாத்துருவான். எங்க கூட தண்ணில வரணும். எடம் எங்கன்னு யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. படத்துல எடம் தெரியவும் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

"சாமி மேலல்லாம் வேணாம். அந்தக் கேமரா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கேமராவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

அமாவாசைக்கு மறுநாள் தண்ணீர் நன்றாக வற்றும் என்றாள். அது வெள்ளிக்கிழமை. பகல் ஒரு மணிக்கு, பழைய சட்டை ஒன்றைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு அவளோடு ஆற்றில் இறங்கினேன். கேமராவை ஆல்பம் சுற்றும் பாலித்தீன் கவரில் மூன்று சுற்று சுற்றி ஒரு அலுமினியக் குண்டானுக்குள் வைத்து மூடி, குண்டானைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டு போனேன். என் பல்லிலும் ஒரு பறி. தூரத்திலிருந்து பார்த்தால் நானும் ஒரு இறால்காரி. சேற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து பிசுபிசு என்றிருந்தது. சிப்பி காலைக் கிழித்தது. பறியைக் கடித்துக்கொண்டிருந்ததால் திட்டக்கூட முடியவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒரு மணி நேரம் தொடர்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான். வீட்டுக்காரர் பார்த்திருந்தால் தேங்காய் உடைத்திருப்பார்.

வளைவு வந்தது. அவள் என் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினாள். "தடவு."

தடவினேன். சேறு, சேறு, வேர். அப்புறம் ஒரு விளிம்பு. நேரான விளிம்பு. அதற்கு மேல் இன்னொன்று. படி! என் விரலுக்குக் கீழே படி! பறியைத் துப்பிவிட்டு, "யம்மாடி!" என்று கத்திவிட்டேன். அவள் என் வாயைச் சேற்றுக் கையால் பொத்தினாள்.

கண்டல் வேரை ஒதுக்கிக் குனிந்து ஏறினால் வளைவுக் கூரை போட்ட அறை. முழங்கால் வரை தண்ணீர். ஆள் நிமிர்ந்து நிற்கலாம். சுவரில் இரண்டு இரும்பு வளையங்கள், துருப்பிடித்துத் தடித்துப் போயிருந்தன. படகைக் கட்டுவதற்கு என்று எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. விளக்கு வைக்கும் மாடங்கள், அவற்றின் மேல் புகைக் கறுப்பு. ஆனால் உள்ளே வெளிச்சம் போதவில்லை. ஃப்ளாஷ் போட்டால் ஈரச் சுவர் பளபளத்துப் படம் கெட்டுவிடும். கல்யாண வீட்டில் பெண் முகத்துக்கு வெளிச்சம் திருப்பும் வேலையை இருபது வருஷமாகச் செய்கிறவள் நான். குண்டான் மூடியை அவளிடம் கொடுத்து வாசலில் நிற்கவைத்தேன். "வெயிலை வாங்கி உள்ள தள்ளு. கொஞ்சம் சாய். இன்னும் கொஞ்சம். அப்படியே புடி."

வெயில் உள்ளே வந்து சுவரில் ஏறியது. ஏறிய இடத்தில் ஒரு கப்பல் இருந்தது.

சுண்ணாம்புப் பூச்சில் ஏதோ கூர்மையான ஒன்றால் கீறிய கப்பல். மூன்று பாய்மரம், கயிறுகள், பின்னால் ஒரு கொடி. பக்கத்தில் சின்னதாகப் படகுகள், ஐந்தோ ஆறோ, கப்பலை நோக்கி. யாரோ இங்கே உட்கார்ந்து, வரப்போகும் கப்பலுக்காகக் காத்துக்கொண்டு, பொழுது போகாமல் கீறியிருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இருபது வருஷமாக இறால் தடவியும் அவர்களில் யாரும் அதைப் பார்த்ததில்லை, அந்தச் சுவரில் வெளிச்சம் விழுந்ததே இல்லை. மூடியைப் பிடித்தபடி அவளும் எட்டிப் பார்த்து, "அட இவனே!" என்றாள்.

எடுத்தேன். வளையம், மாடம், கப்பல், படகுகள். சுட்டுத் தள்ளினேன். அப்புறம் பின்னுக்கு நகர்ந்து மூலைக்குப் போனபோது அது அமைந்தது. ஒரு பக்கம் சுவரில் கீறிய கப்பல். மறுபக்கம் வாசல், அதன் வழியே தூரத்தில் அனல்மின் நிலையத்தின் இரண்டு புகைக்கூண்டுகள், கப்பலின் பாய்மரங்களுக்குச் சரியாக நிமிர்ந்து. ஒரே படத்துக்குள் இரண்டு காலமும். என் விரல் தானாக அழுத்தியது. திரையில் பார்த்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான், இன்றைக்கும் சொல்வேன்.

அவளும் பார்த்தாள். "பொகக்கூண்டு தெரியுது."

"கொஞ்சூண்டுதான்."

"ரெண்டு கூண்டும் எந்த எடத்துலேர்ந்து இப்டித் தெரியும்னு ஆத்துல போற அத்தினி பேருக்கும் தெரியும்க்கா. அழிச்சிரு."

கெஞ்சினேன். இதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றேன். கவனிக்க மாட்டார்கள் என்று சொல்லும்போதே, கவனிக்க வேண்டும் என்றுதானே நாலு வருஷம் நாயாக அலைந்தோம் என்று எனக்கே உறைத்தது. அவள் சண்டை போடவில்லை. மூடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் கையைப் பார்த்தேன். சேற்றில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெள்ளையாக வெடித்திருந்தது. நகம் பாதி இல்லை. அழித்தேன். பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன், அதையும் மறைக்கப் போவதில்லை. தண்ணீர் ஏறத் தொடங்குவதற்குள் இறங்கி வந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை கப்பல் படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். கக்கூஸ் விஷயம் பரவியிருந்ததால் அன்றைக்குக் கூட்டம் எக்கச்சக்கம். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். என் வீட்டுக்காரரும் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார், என்னைப் பார்க்கவா, கூத்தைப் பார்க்கவா தெரியவில்லை. படத்தை நடுச்சுவரில் மாட்டினோம். கூட்டம் முன்னால் நெருங்கியது. செயலாளர் பக்கத்தில் போய் ரொம்ப நேரம் பார்த்தார். "பிரமாதம் மேடம்," என்றார். "எந்த இடம்?"

"சொல்ல மாட்டேன் சார்."

"அது எப்படி? இடம் இல்லாமல் யார் நம்புவார்கள்? நீங்களே சுவரில் கீறி எடுத்தீர்கள் என்பார்கள். எனக்கு மட்டுமாவது சொல்லுங்கள்."

"வாக்கு கொடுத்துட்டேன் சார். உங்களுக்கும் இல்லை."

அவருக்கு முகம் வாடியது. இடம் எழுதாத படத்தைச் சங்கம் மாட்டாது, விதி அப்படி என்றார். என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது அந்த வளைவின் பெயர். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் நகரத்துக் கூடம், என் பெயர், எல்லாம். விரல் வெடித்த அந்தக் கை கண்ணுக்கு முன்னால் நின்றது. "சரி சார், இறக்கிக்கிறேன்," என்று ஆணியிலிருந்து படத்தைத் தூக்கினேன்.

"அத்த அங்கியே வுடும்மா!"

திரும்பினால் உப்பளத்துப் பெரியவர். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். படத்தின் இரும்பு வளையத்தை விரலால் தொட்டார், செங்கலைத் தொட்டார்.

"இது நெசம்," என்றார். "நான் பாத்துகீறேன். என் வூட்டுக்காரி முப்பது வருசம் அங்க எறா தடவுனா. எங்க கல்யாணத்துக்கு அப்பால ஒரே ஒரு தபா கூட்டிகினு போயி காட்டுனா. அவ போயிட்டா, இப்ப இல்ல. இந்த வளையத்தப் புடிச்சிகினுதான் நின்னேன்."

செயலாளர் ஆவலாக, "அப்படியென்றால் நீங்களாவது சொல்லுங்கள் ஐயா, எந்த இடம்?" என்றார்.

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கக்கூஸுன்னா எடத்த சொல்லலாம். இத்த சொல்லக் கூடாது. அவளுக்கு வாக்கு குடுத்துகீறேன்."

அப்போது கூடம் தட்டிய கைதட்டல் எனக்கு இன்னும் கேட்கிறது. முதலில் தட்டியது என் வீட்டுக்காரர், இரும்பு தூக்குகிற கை, சும்மாவா? எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. படத்தை மறுபடி ஆணியில் மாட்டினேன். செயலாளர் பேனாவைத் திறந்தார். பிறகு ஒரு அட்டையை எடுத்துத் தன் கையாலேயே எழுதி ஒட்டினார்: ‘கடற்கொள்ளையர் பதுங்கிய அறை. இடம்: தெரிந்தவர்களுக்குத் தெரியும்.’ அதற்குக் கீழே என் பெயர்.

அடுத்த மாசம் நகரத்துக் கூடத்தில் திறப்பு விழா. ஐந்து பெண்களும் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, ஷேர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார்கள். கப்பல் படத்தின் முன்னால் வரிசையாக நின்றார்கள். ஒரு பத்திரிகைக்காரர் ஓடி வந்து, "நீங்க எண்ணூர்ப் பக்கமாம்மா? இந்த இடம் எங்கேயிருக்கு, தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது.

என் இறால்காரி படத்தை மேலிருந்து கீழே வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"எந்த ஊரோ, எவன் கண்டான் நைனா! எங்க ஆத்துல சேறுதான் கீது," என்று சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் என் கையை வெடித்த விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.